பீங்கானில் ஒரு நுங்கு

ஒரு தட்டு. அதில் சில வால்நட், கொஞ்சம் தாமரை விதை, லிச்சிப் பழம், கூடவே ஒரு நண்டு. வால்நட்டை எடுக்கப் பார்த்தால் தட்டும் சேர்ந்தே வருகிறது! தட்டு பீங்கான், வால்நட் பீங்கான், நண்டும் பீங்கான்தான்.

இது 18-ஆம் நூற்றாண்டுச் சீனத்து விளையாட்டு. சியான்லோங் பேரரசர் ஆண்ட காலத்தில் (1735–1796) பீங்கானை மரம் போலவும் வெண்கலம் போலவும் பழம் போலவும் செய்து காட்டுவதில் அங்கே பெரிய போட்டியே நடந்தது. ஜிங்டெசென் என்ற ஊரின் சூளைகள் அதற்குப் பெயர் போனவை. இந்த வகைக் கலைக்குப் பிரெஞ்சு மொழியில் 'ட்ராம்ப் லாய்' என்று பெயர். கண்ணை ஏமாற்றுவது என்று அர்த்தம்.

ஐரோப்பாவுக்குப் பீங்கான் ரகசியம் பிடிபட்டது 1708-ல். 1710-ல் ஜெர்மனியின் மைசன் நகரில் ஆலை வந்தது. 1740-களில் அந்த ஆலையின் ஓவியர்கள் வெள்ளைக் கோப்பையில் பூவையும் பூச்சியையும் வரைந்து, கூடவே அவற்றின் நிழலையும் வரைந்தார்கள். பூச்சியை மட்டும் வரைந்தால் அது படம். நிழலையும் சேர்த்தால், டீ குடிக்க வந்தவர் விரலால் தட்டிவிடப் பார்ப்பார்! இங்கிலாந்தின் செல்சீ ஆலையில் 1750-களில் முயல் வடிவிலும் காலிஃபிளவர் வடிவிலும் மூடி போட்ட பாத்திரங்கள் செய்தார்கள். சூப் ஊற்றி மேசையில் வைக்க.

இதெல்லாம் ராஜா வீட்டு விஷயம் என்று ஒதுக்க வேண்டாம். கொலுப்படியில் இருக்கும் மண் மாம்பழத்தை, யாரும் பார்க்காதபோது கடித்துப் பார்க்காத குழந்தை உண்டா?

ஏமாற்றினால் கோபம்தானே வர வேண்டும்? துரியோதனனுக்கு வந்தது. மயன் கட்டிய மண்டபத்தில் பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று நினைத்து உடையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அடுத்து, தண்ணீரைத் தரை என்று நினைத்துத் தொபுக்கடீர்! பார்த்தவர்கள் சிரித்தார்கள். மீதிக் கதை ஊருக்கே தெரியும். கொலு மாம்பழத்தில் ஏமாறும் குழந்தைக்கு அந்தக் கோபம் வருவதில்லை. முதலில் அதுதான் சிரிக்கிறது. அடுத்த நிமிஷம் தங்கையைக் கூப்பிட்டு, "இந்தா, பழம் தின்னு" என்று நீட்டுகிறது.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மாம்பழம் தின்றிருந்தால்தான் மண் மாம்பழத்தில் ஏமாற முடியும். வால்நட்டையே பார்த்திராதவருக்கு அந்தச் சீனத் தட்டு வெறும் மேடுபள்ளம். ஏமாறுவதற்கும் ஒரு தகுதி வேண்டும்!

செய்பவருக்கு இன்னும் அதிகத் தகுதி வேண்டும். பளபளவென்று ஒரே மஞ்சளாக அடித்த பிளாஸ்டிக் மாம்பழம் யாரையும் ஏமாற்றாது. காம்புக்குப் பக்கத்தில் பால் வழிந்த கறை, ஒரு பக்கம் மட்டும் ஏறிய சிவப்பு, தோலில் நாலு கறுப்புப் புள்ளி... இந்தக் குறைகளைக் கவனித்து வரைந்தால்தான் பழம் பழமாகும்.

மண் பொம்மையில் ஒரு வசதி உண்டு. சுட்ட பிறகு வண்ணம் தீட்டுவதால், தீட்டிய நிறம் அப்படியே நிற்கும். பீங்கானில் அது நடக்காது. கயோலின் என்ற வெள்ளைக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றும் கலந்த பொருள் அது. சூளையில் 1300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு ஏறும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். நிஜ அளவில் மாம்பழம் வேண்டுமென்றால் பெரிய மாம்பழமாகச் செய்ய வேண்டும். மேல் வண்ணங்களைத் தீட்டியபின் மறுபடி சுமார் 800 டிகிரியில் சுட வேண்டும். தூரிகையில் இருக்கும் நிறம் வேறு, சூளையிலிருந்து வரும் நிறம் வேறு. ஓவியர் மனக்கணக்கில்தான் வரைகிறார்.

இந்தத் தொழில் தஞ்சைப் பக்கத்துக்கு ரொம்பத் தூரம் இல்லை. கும்பகோணத்திலிருந்து சென்னை போகும் பஸ் திருப்பனந்தாள், அணைக்கரை, சேத்தியாத்தோப்பு, வடலூர் வழியாகப் பண்ணுருட்டிக்குப் போகும். பண்ணுருட்டியில் நிஜப் பலாப்பழமும் உண்டு, மண் பொம்மையும் உண்டு. வடலூரில் மேற்கே திரும்பினால் நெய்வேலி தாண்டி விருத்தாசலம். பீங்கான் தொழிலைப் படிக்கவே அங்கே ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. வீட்டு மீட்டர் பக்கத்திலிருக்கும் பியூஸ் கேரியர் முதல் கொலு பொம்மை, அகல் விளக்கு வரை செய்கிற ஊர்.

அந்தச் சாலையில் வரும் திருப்பனந்தாளுக்கு ஊர்ப் பெயரிலேயே பனை இருக்கிறது. தாடகையீச்சரம் என்கிற செஞ்சடையப்பர் கோயிலின் தலமரமும் பனைதான். அந்தக் கோயில் கதை எல்லோருக்கும் தெரியும். தாடகை என்ற பெண் மாலை சாத்தக் கையைத் தூக்குகிறாள், சேலை நழுவுகிறது. இரண்டு கையும் மாலையில், என்ன செய்வாள்? லிங்கமே தலையைச் சாய்த்து மாலையை வாங்கிக்கொண்டது. சாய்ந்த லிங்கத்தை அரசன் யானை கட்டி இழுத்தும் நிமிர்த்த முடியவில்லை. குங்கிலியக் கலய நாயனார் தன் கழுத்தில் கயிற்றைக் கட்டி இழுக்க, நிமிர்ந்தது. கல் இளகும் என்று நம்புகிற ஊர்!

அப்படிப்பட்ட ஊருக்கு ஏற்ற பீங்கான் எது? நுங்கு!

விளையாட்டுக்குச் சொன்னாலும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மெல்லிசாகச் செய்த பீங்கான் வழியாக வெளிச்சம் ஊடுருவும். மேலே கண்ணாடிப் பூச்சு ஏறினால் ஈரம் மாதிரி மின்னும். வெள்ளையாக, பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருக்கும் நுங்குச் சுளைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. வெளியே கருஞ்சிவப்பும் கறுப்பும் கலந்த மட்டை. சீவிய இடத்தில் மூன்று கண். சுளையைச் சுற்றி அந்தத் துவர்க்கும் பழுப்புத் தோல். சிக்கல் எங்கே என்றால் சீவிய நாரில்தான். அரிவாள் பட்டவுடன் வெளுப்பாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் பழுப்பேறிவிடும். வரைபவர் எந்த நிமிஷத்து நுங்கை வரைவது? அதைத் தீர்மானிக்க, சித்திரை வெயிலில் நுங்கு சீவுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். சூளைச் சூட்டுக் கணக்கு எந்த ஊரிலும் கிடைக்கும். இந்தக் கணக்குப் பனை நிற்கிற ஊரில்தான் கிடைக்கும்.

பனை நிற்குமா என்பதுதான் கேள்வி. 16-ஆம் நூற்றாண்டில் பெர்னார் பாலிஸி என்ற பிரெஞ்சுக் குயவர் பாம்பையும் பல்லியையும் மீனையும் அச்செடுத்துத் தட்டுகளில் ஒட்டி, உயிருள்ளவை போலவே வண்ணம் கொடுத்தார். மேல்பூச்சு உருகுவதற்குள் விறகு தீர்ந்துபோய், வீட்டு மேசையையும் தரைப்பலகையையும் சூளையில் போட்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் எரித்தது அவர் வீட்டு மேசை. தமிழ்நாட்டில் செங்கல் சூளைக்குப் போனது பனை. மாநில மரம் என்ற பட்டம் அதைக் காப்பாற்றவில்லை. 2021-ல் வந்த வேளாண் பட்ஜெட்டில்தான், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். 76 லட்சம் பனை விதைகள் கொடுக்கும் திட்டமும் அதில் இருந்தது. இன்று ஊன்றும் விதை காய்க்கப் பத்துப் பதினைந்து வருஷமாவது ஆகும். அன்று பிறந்த குழந்தை அதற்குள் பள்ளிக்கூடத்தில் பாதி தாண்டிவிடும்.

யாராவது ஒருநாள் விருத்தாசலத்துப் பீங்கானில் அந்த நுங்கைச் செய்துவிடலாம். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க நிபுணர் யாரும் வேண்டாம். திருப்பனந்தாளில் ஒரு பிள்ளையின் கையில் கொடுத்தால் போதும். எதுவும் கேட்காமல் கட்டை விரலை நேராகக் கண்ணுக்குள் விட்டால் வேலை தேறிவிட்டது, ஊரில் பனையும் இருக்கிறது. "இது என்ன?" என்று கேட்டால், குறை பீங்கானில் இல்லை.