எந்தக் கியரில் புறப்படுவது

பாரவூர்தி ஓட்டுபவன் என்று இலக்கியக் கூட்டங்களில் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டால், நண்பர்கள் பனியைப் பற்றிக் கேட்பார்கள்; நெடுஞ்சாலையின் தனிமையைப் பற்றிக் கேட்பார்கள். நின்ற இடத்திலிருந்து வண்டியை எப்படி நகர்த்துகிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒன்ராறியோவில் ஓட்டத் தொடங்கிய காலத்தில் எனக்கு அதிகக் கலக்கம் தந்தது அந்த முதல் நகர்வுதான்.

நான் பழகியது பத்துக் கியர் கொண்ட ஈற்றன் ஃபுல்லர் பெட்டி. கியர்த் தடிக்கு முன்னோக்கிச் செல்ல ஐந்து இடங்களே உண்டு. தடியின் தலையிலுள்ள சிறு நெம்பைக் கீழே தள்ளினால் அவை ஒன்று முதல் ஐந்து. மேலே தூக்கினால் அதே இடங்கள் ஆறு முதல் பத்து. இவ்வகைப் பெட்டி ஒன்றில், முதற் கியரில் எஞ்சின் ஏறக்குறைய 15 முறை சுழன்றால்தான் பெட்டியின் பின்தண்டு ஒருமுறை சுழலும். மூன்றாவதில் 8 சுற்று போதும். வேகம் கூடுகிறது, இழுவையோ ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது.

ஆகவே எதில் புறப்படுவது என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. பாரத்தோடு சமதரை என்றால் இரண்டு, ஏற்றம் என்றால் ஒன்று, ட்றெயிலர் வெறுமையாக இருந்தால் மூன்று என்று கைக்கணக்குகள் உண்டு. எனக்குப் பழக்கிய அண்ணை, ஊரில் லொறி ஓட்டியவர், இந்தக் கணக்குகளை நம்பமாட்டார்.

"அக்சிலறேற்றரில காலை வையாதை தம்பி. கிளட்சை மெல்ல விடு. சும்மா உறுமிக்கொண்டு நிக்கிற எஞ்சினே வண்டியை இழுத்துக்கொண்டு போகவேணும். போகேல்லை எண்டால் நீ போட்ட கியர் பிழை."

இதைவிடச் சிறந்த சோதனையை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை. படித்தது வேறு, கை செய்வது வேறு.

ஓர் இலையுதிர் காலத்தில் ஒரு வாரம் முழுவதும் வெறும் ட்றெயிலர்களையே இழுத்தேன். மூன்றாம் கியர் கைக்கு வழக்கமாகிவிட்டது. வெள்ளி மாலை முத்திரையிட்ட ட்றெயிலர் ஒன்று கிடைத்தது. வண்டியோடு சேர்த்து 36 தொன் என்று தாளில் இருந்தது. ஒப்பமிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஹமில்ரன் நகரை நயாகரா மலைவிளிம்பு இரண்டாகப் பிரிக்கிறது. உயரம் சுமார் 100 மீற்றர்தான் என்றாலும் அங்குள்ளவர்கள் அதை மலை என்றே சொல்வார்கள். அதை நோக்கி ஏறும் சாலையொன்றில் சிவப்பு விளக்குக்காக நின்றேன். பச்சை விழுந்ததும் கை தானாக மூன்றுக்குப் போயிற்று. வண்டி உடம்பெல்லாம் நடுங்கியது. அந்தக் கணமே நிறுத்தி ஒன்றுக்கு மாற்றியிருக்க வேண்டும். நானோ கிளட்சைப் பாதியில் பிடித்தபடி அக்சிலறேற்றரை அழுத்தினேன். கருகிய நெடி உள்ளே வந்தது. எஞ்சின் அணைந்தது. வண்டி பின்னே உருண்டது.

பின்னாலிருந்து நீண்ட ஹோர்ன் ஒலி. நான் பிரேக்கை மிதிக்க, அதுவும் சட்டென்று நின்றது.

ட்றெயிலருக்கு நேர்பின்னே நிற்பவர் எந்தக் கண்ணாடியிலும் தெரியமாட்டார். ஹோர்ன் ஏன் நின்றது என்பது எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் குமிழை இழுத்து வண்டியைப் பிடிக்கவைத்து, இறங்கி, 53 அடி ட்றெயிலரின் பக்கமாக நடந்தேன். அவ்வளவு நீளமாக அது முன்பு ஒருபோதும் இருந்ததில்லை.

சிறிய கார். இடைவெளி ஒரு முழம் இருக்கும். உள்ளே ஒரு பெண். பின்னிருக்கையில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்ரியறிங்கைப் பிடித்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி ஏறி, எஞ்சினை முடுக்கி, கிளட்சைத் தரைவரை மிதித்து முதற் கியரைப் போட்டேன். கிளட்சை மெல்ல விட, வண்டி மூக்கைத் தூக்கி முண்டியது. அப்போதுதான் பிரேக்கை விடுவித்தேன். அக்சிலறேற்றரைத் தொடாமலே, நடப்பவரின் வேகத்தில், 36 தொன்னும் ஏறத் தொடங்கியது. விளக்குச் சந்தியைக் கடந்தபின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பச்சை எரிந்துகொண்டிருந்தது, அந்தக் கார் இன்னும் நின்ற இடத்திலேயே நின்றது.

களைப்பு என்று அண்ணையிடம் சொன்னேன். "தாள் எங்க இருந்தது?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது நான் ஓட்டுவது பாரத்தையும் ஏற்றத்தையும் தானே கணித்துக் கியரைத் தெரிவுசெய்யும் வண்டி. 2022 ஜூலை முதல், தானியங்கிக் கியர் வண்டியில் ஏ வகுப்பு ஓட்டுநர் தேர்வெழுதுவோருக்கு ஒன்ராறியோவில் கைக்கியர் வண்டி ஓட்ட அனுமதி கிடையாது. புதிய பிள்ளைகள் பலருக்கு அது ஒரு குறையாகவும் தெரிவதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. எடைத்தாளை மட்டும் நான் சட்டைப்பையில் வைப்பதில்லை. ஸ்ரியறிங்குக்கு மேலே, கண்ணில் படும்படி செருகிவைக்கிறேன்.