ஆபரேட்டருக்கும் சேர்த்து எழுதுங்கள்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நள்ளிரவு என்றால் சென்னையில் காலை ஒன்பதரை. அங்கே குளிர்காலமானால் பத்தரை. பகலெல்லாம் நடந்த வரவு செலவைக் கணக்கில் ஏற்றும் வங்கி பேட்ச் ஜாப்கள் ஓடுவது அந்த நேரத்தில்தான். அங்குள்ள வங்கிகளின் மெயின்ஃப்ரேமுக்கு இங்கிருந்து புரொடக்‌ஷன் சப்போர்ட் பார்க்கும் எங்களுக்கு, ஜாப் விழுந்த செய்தி காலைக் காபியோடு வரும்.

இயந்திரம் ஒன்றுதான். ஆனால் அதைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் அது வேறு வேறு. கோபோல் (COBOL) புரோகிராமில் ஒரு தொகை பேக்டு டெசிமலாக இருக்க வேண்டும் என்று வையுங்கள். கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறி இருக்கும், வழக்கமாக சி, டி அல்லது எஃப். அந்த இடத்துக்கு வெறும் ஸ்பேஸ் வந்துவிட்டால், டம்ப்பில் 40 40 40 என்று வரிசையாக நிற்கும். எப்சிடிக் குறிமுறையில் 40 என்றால் ஸ்பேஸ். அதை வைத்துக் கூட்டப் போனதும் இயந்திரம் மறுத்துவிடும். திரையில் S0C7 என்று வரும் அந்தப் பிழை எங்கள் வாயில் ‘சாக் செவன்’ (நடுவில் இருப்பது பூஜ்யம், ‘ஓ’ அல்ல, யார் கேட்கிறார்கள்!). இதே தவறு சிஐசிஎஸ் திரையில் நடந்தால் ஏஎஸ்ஆர்ஏ. வங்கிக் கவுண்டரில் இருப்பவருக்கு இரண்டுமே புரியாது. வாடிக்கையாளர் எதிரே காத்திருக்கிறார் என்பதுதான் அவர் கவலை. சிஸ்டம் புரோகிராமரோ, “இது அப்ளிகேஷன் பிரச்சினை” என்று டிக்கெட்டைத் திருப்பிவிடுவார். அதில் தப்பில்லை. ஐபிஎல், மெயின்டனன்ஸ் என்று அவர் பாடு அவருக்கு.

நடுவில் மாட்டிக்கொள்பவர் ஆபரேட்டர். ஜாப் பெயர், ஸ்டெப் பெயர், ஒரு எரர் கோடு: அவர் கையில் இருப்பது அவ்வளவுதான். முடிவெடுக்க வேண்டியதோ பெரிய விஷயம்: மறுபடி ஓட்டலாமா, கூடாதா? ரிப்போர்ட் எடுக்கும் ஸ்டெப் என்றால் பத்து முறை ஓட்டினாலும் கேடில்லை. வட்டி வரவு வைக்கும் ஸ்டெப், பாதிக் கணக்குகளைக் கமிட் செய்துவிட்டு விழுந்திருந்தால்? யோசிக்காமல் மேலிருந்து ஓட்டினால் அந்தப் பாதிப் பேருக்கு வட்டி இரண்டு முறை ஏறும். இந்த வித்தியாசம் தெரிந்தவர் அந்த ஜாப்பை எழுதிய ஆள் ஒருவர்தான். அவரோ அப்போது பேருந்தில் இருப்பார்.

ஆகவே ஜாப்பை ஓட்டச் சொல்லும் ஜேசிஎல்லில் இரண்டு சாய்கோடும் நட்சத்திரமும் போட்டு எழுதும் குறிப்பு வரிகளை நான் கோபோலைவிடக் கவனமாக எழுதுவேன். துளை அட்டைக் காலத்து 80 எழுத்து அகலம் இன்றும் அந்த வரிக்கு உண்டு, வளவளக்க இடமில்லை. ‘இந்த ஸ்டெப் வட்டி கணக்கிடுகிறது’ என்பது தண்டம். ‘இங்கே விழுந்தால் மேலிருந்து ஓட்டாதே, இந்த ஸ்டெப்பிலிருந்து ரீஸ்டார்ட் செய், அதற்குமுன் இன்ன ஃபைலை அழி’ என்பதே குறிப்பு.

ரிட்டர்ன் கோடும் ஆபரேட்டரிடம் பேசும் பேச்சுதான். அற்ப விஷயத்துக்கெல்லாம் தினமும் 4 கொடுத்து முடிகிற ஜாப், உண்மையாகவே எச்சரிக்க வேண்டிய நாளிலும் 4 கொடுக்கும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

புதிதாக ஜேசிஎல் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘யாரைக் கூப்பிடுவது’ என்ற வரியில் உங்கள் பெயரைப் போடாதீர்கள். டீமின் ஆன்-கால் எண்ணைப் போடுங்கள். நீங்கள் வேலை மாறிப் போவீர்கள், அந்த ஜாப் இருபது வருடம் ஓடும்.