நிலத்தில் ஒரு வானம்

நுழையும்முன்

விழுந்து எழுந்துதான் மனிதன் நடக்கக் கற்றான். நீந்தவும் அவ்வாறே கற்றான். பறத்தலை மட்டும் அவன் அவ்வாறு கற்க இயலவில்லை. வானில் செய்யும் முதல் தவறே இறுதித் தவறாகிவிடக்கூடும். ஆகவே, விழுந்தாலும் உயிர் போகாத ஒரு வானத்தை அவன் நிலத்திலேயே அமைத்துக்கொண்டான். அந்த வானம் கற்பிப்பது எது, கற்பிக்க இயலாதது எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு கடலும் ஒரு வானமும்

இராமேசுவரம் தீவின் கிழக்கு முனையான தனுஷ்கோடியில் நின்றால் இருவேறு இயல்புடைய கடல்களைக் காணலாம். அமைதியாகக் கிடக்கும் வடகடலைப் பெண்கடல் என்றும் அலையெறியும் தென்கடலை ஆண்கடல் என்றும் அப்பகுதி மக்கள் அழைக்கின்றனர். கடலோரச் சிறுவர் நீந்தப் பழகுவது இடுப்பளவு நீரில். துடுப்புப் பிடிக்கப் பழகுவது கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில். ஆழ்கடல் பிறகுதான் வருகிறது. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய புயலில் ஊரையே இழந்த மண் அது. கடலைப் படிப்படியாகத்தான் நெருங்க வேண்டும் என்பதை அங்குள்ளவர்க்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அதே கடற்கரையில், இராமநாதபுரத்திற்கும் பாம்பனுக்கும் இடையே, உச்சிப்புளியில் இந்தியக் கடற்படையின் வானூர்தித் தளம் அமைந்துள்ளது. 2009ஆம் ஆண்டு முதல் அதன் பெயர் ஐ.என்.எஸ். பருந்து. அங்கிருந்து எழும் வானூர்திகள் பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் கண்காணிக்கின்றன. அவற்றைச் செலுத்துவோரும் ஒருநாள் முதன்முதலாகக் கற்கத் தொடங்கியவர்களே. ஆனால், வானில் இடுப்பளவு ஆழம் என்று ஓர் இடம் இல்லை. அப்படியாயின் பறத்தலை எங்கே பழகுவது?

பொறியில் பழகிய அரசி

இவ்வினாவின் சாயலைத் தமிழ்க் காப்பியம் ஒன்றில் காணலாம். திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில், வரவிருக்கும் இடரை உணர்ந்த மன்னன் சச்சந்தன், தன் தேவி விசயைக்காக மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். பொறியை வலப்புறம் திருகினால் மயில் மேலெழும். இடப்புறம் திருகினால் கீழிறங்கும். அதை இயக்கும் முறையை விசயை முன்னரே கற்றுக்கொள்கிறாள். பகைவர் அரண்மனையைச் சூழ்ந்தபோது, அந்தப் பயிற்சிதான் கருவுற்றிருந்த அவளை வானில் ஏற்றிச் சென்றது. கதை கற்பனைதான். எனினும், இடர் நேர்ந்த பிறகு கற்க நேரம் இராது என்னும் உண்மை அதில் பொதிந்துள்ளது.

கரையில் ஒரு வகுப்பு

இராமேசுவரத்தில் 1931ஆம் ஆண்டு பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், பறத்தல் குறித்துத் தாம் பெற்ற முதல் பாடத்தைப் பல மேடைகளில் நினைவுகூர்ந்துள்ளார். ஐந்தாம் வகுப்பில் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் பறவையை வரைந்து, அது பறக்கும் விதத்தை விளக்கினார். மாணவர்க்கு விளங்கவில்லை. அவர் சினங்கொள்ளாமல் அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறந்துகொண்டிருந்த பறவைகளையே காட்டினார். சிறகடிப்பால் எழுவதையும் வாலை வளைத்துத் திசை மாறுவதையும் அவர்கள் கண்ணாரக் கண்டனர். சொல்லால் விளங்காதது காட்சியால் விளங்கிற்று.

அந்தக் காட்சி கலாமைச் சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் பயிலச் செய்தது. படிப்பை முடித்தபின் விமானப்படை விமானியாகும் விருப்பத்தோடு டேராடூனில் தேர்வுக்குச் சென்றார். தேர்ந்தெடுக்கப்பட்டோர் எட்டுப் பேர். அவர் பெற்ற இடம் ஒன்பதாவது. விமானியின் இருக்கைக்கும் அவருக்கும் இடையே நின்றது ஒரேயொரு படி. விமானியின் இருக்கை எக்காலத்தும் அரிதானது. பயிற்சிக்கு வேண்டிய வானூர்தி, எரிபொருள், ஆசிரியர், அனைத்திற்கும் மேலாக உயிரிடர் ஆகியவையே அதை அவ்வளவு அரிதாக்கின.

ஆர்கன் தொழிற்கூடத்தில் பிறந்த பொறி

அந்த அருமையைக் குறைக்க முனைந்தவர்களுள் ஒருவர் அமெரிக்கரான எட்வின் லிங்க். அவருடைய தந்தை நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் ஆர்கன், பியானோ ஆகிய இசைக்கருவிகளைச் செய்யும் தொழிற்கூடம் வைத்திருந்தார். காற்றூதும் துருத்திகள் லிங்கிற்கு இளமை முதலே பழக்கமானவை. 1929ஆம் ஆண்டளவில், அத்துருத்திகளின்மேல் சிறுவானூர்தி போன்ற பெட்டி ஒன்றை அமர்த்தினார். உள்ளிருப்பவர் கைப்பிடியை அசைத்தால் பெட்டி சாயும், நிமிரும், திரும்பும்.

தொடக்கத்தில் அதைப் பொழுதுபோக்குப் பொருளாகவே பலர் கருதினர். 1934ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவ விமானிகள் அஞ்சல் சுமக்கும் பணியை ஏற்றபோது, இருளிலும் மோசமான வானிலையிலும் பறக்கப் போதிய பயிற்சியின்றிப் பத்துக்கும் மேற்பட்டோர் சில மாதங்களுக்குள் மாண்டனர். அதன் பின்னரே இராணுவம் லிங்கின் பொறிகள் ஆறினை வாங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட விமானிகள் அவ்வகைப் பொறிகளில் பயின்றனர். உயிர்களைக் கொடுத்த பிறகே உலகம் அப்பொறியின் பயனை உணர்ந்தது.

உடலை நம்பவைக்கும் கலை

மனிதனின் உட்செவியில் நீர்மம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பும்போது நீர்மம் சற்றுப் பின்தங்கும். அதனால் திருப்பத்தை உணர்கிறோம். திருப்பம் ஒரே சீராக நீடித்தால் நீர்மமும் குழலோடு சேர்ந்து சுழலத் தொடங்கும். திரும்புகிறோம் என்னும் உணர்வு மறைந்துவிடும். மேகத்திற்குள் சிக்கிய விமானி, தன் வானூர்தி சாய்ந்து சுழன்றிறங்கும்போதும் நேராகப் பறப்பதாகவே எண்ணுவதற்கு இதுவே காரணம். உன் உடலை நம்பாதே, கருவியை நம்பு என்பதே பறத்தல் பயிற்சியின் முதன்மையான பாடம்.

விந்தை யாதெனில், உடலின் இந்தக் குறையையே பயிற்சிப் பொறி தனக்குத் துணையாகக் கொள்கிறது. முன்னோக்கி விரையும்போது முதுகு இருக்கையில் அழுந்துகிறது. இருக்கையை மெல்லப் பின்னே சாய்த்தாலும் முதுகு அழுந்துகிறது. கண்ணுக்கு ஓடுபாதை விரைந்து நகர்வதாகக் காட்டிவிட்டால், சாய்வை மூளை விரைவு என்றே கொள்கிறது. இத்தகைய அசைவுகளைத் தர ஆறு கால்களின்மேல் நிற்கும் மேடை உதவுகிறது. வாகனச் சக்கரங்களின் டயர்களைச் சோதிக்க எரிக் காஃப் அமைத்த பொறியில் அதன் தொடக்கம் இருந்தது. 1965ஆம் ஆண்டு ஸ்டூவர்ட் எழுதிய ஆய்வுரையால் அது பறத்தல் பயிற்சியோடு இணைத்துப் பேசப்பட்டது. ஆறு கால்களும் தனித்தனியே நீண்டு சுருங்குவதால் மேடை மேல்கீழாகவும் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகரும். மூன்று அச்சுகளிலும் சாய்ந்து திரும்பும்.

காட்சியைத் தருவதில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. 1968ஆம் ஆண்டு ஐவன் சதர்லாந்து, தலையில் அணிந்து பார்க்கும் கணினித் திரையை உருவாக்கினார். எடை மிகுதியால் அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. இன்று மெய்நிகர்க் கண்ணாடியை ஒரு கையால் எடுத்து அணியலாம். இரு விழிகளுக்கும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகளை அது தருவதால் ஆழமும் தொலைவும் புலனாகின்றன. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. அது சிறிது தாமதித்தாலும் கண் ஒன்று சொல்ல, செவி வேறொன்று சொல்லும், குமட்டல் தோன்றும். இருக்கை அசையும்போது, அவ்வசைவைத் தலையின் அசைவென்று கண்ணாடி தவறாகக் கொள்ளாதவாறு கணித்துக் கழிக்கவும் வேண்டும். கண்ணாடி அணிந்தவர் தம் கையைக் காண இயலாது என்பது மற்றொரு குறை. ஆகவே, கைக்கு எட்டும் இடத்தில் உண்மையான கைப்பிடியும் காலடி மிதிகளும் அமைக்கப்படுகின்றன.

2021ஆம் ஆண்டு ஏப்ரலில், ஐரோப்பிய வான்பயணப் பாதுகாப்பு முகமை மெய்நிகர்க் கண்ணாடியைக் கொண்ட பயிற்சிப் பொறி ஒன்றுக்கு முதன்முறையாக ஒப்புதல் வழங்கியது. அது ஹெலிகாப்டர் பயிற்சிக்கானது. நிலத்திற்குச் சற்று மேலே அசையாது மிதந்து நிற்க, விமானி கீழும் பக்கமும் நோக்கித் தொலைவை அளந்தறிய வேண்டும். அதற்கு இக்கண்ணாடி பெரிதும் துணைசெய்கிறது.

முப்பத்தைந்து நொடிகள்

பொறிகள் எத்துணை வளர்ந்தாலும் அவற்றுக்கும் எல்லை உண்டு. 2009ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று, நியூயார்க்கின் லகார்டியா நிலையத்திலிருந்து எழுந்த ஏர்பஸ் விமானத்தின்மீது வாத்துக் கூட்டம் மோதியது. இரு எந்திரங்களும் உந்துவிசையை இழந்தன. விமானி அதை ஹட்சன் ஆற்றின் நீரில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தனர். நிலையத்திற்கே திரும்பியிருக்கலாமே என்னும் வினா எழுந்தது. பயிற்சிப் பொறியில் அந்நிகழ்வை மீண்டும் நடத்திப் பார்த்தபோது, பறவை மோதிய அக்கணமே திரும்பிய விமானிகள் சிலர் நிலையத்தை அடைந்தனர். ஆனால், அவர்கள் நடக்கப்போவதை முன்னரே அறிந்தவர்கள். நிலைமையை உணரவும் முடிவெடுக்கவும் ஒரு மனிதருக்குத் தேவையான காலமாக முப்பத்தைந்து நொடிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நிலையத்தை அடைய இயலவில்லை. ஆற்றில் இறக்கிய முடிவு சரியானதே என்பது தெளிவாயிற்று.

பொறியால் காற்றையும் மழையையும் எந்திரக் கோளாற்றையும் படைக்க இயலும். திகைப்பை அதே அளவில் படைப்பது அரிது. எனினும், இந்நிகழ்வு பொறியின் சிறப்பையும் உணர்த்துகிறது. உயிருள்ள எவரையும் பணயம் வைக்காமல் ஒரு பேரிடரைப் பலமுறை நிகழ்த்திப் பார்த்து உண்மையை அறிய அது உதவியது. தனுஷ்கோடியின் கரைக்குக் குளிர்காலத்தில் வந்திறங்கும் பூநாரைக் கூட்டத்தைக் காண்பவர்க்கு, வானம் வானூர்திகளுக்கு மட்டும் உரியதன்று என்பதும் விளங்கும்.

தவறு செய்வதற்கோர் இடம்

2006ஆம் ஆண்டு ஜூன் 8 அன்று, புனே நகரின் லோகேகான் தளத்திலிருந்து சுகோய்-30 போர் விமானம் ஒன்று எழுந்தது. துணை விமானியின் இருக்கையில் அமர்ந்திருந்தவர் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். அகவை எழுபத்து நான்கு. டேராடூனில் நழுவிய இருக்கை நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் அவரைத் தேடி வந்தது. எல்லோர்க்கும் அவ்வாறு வாய்ப்பதில்லை. முன்பு பெருங்கூடம் ஒன்றை நிறைத்துக்கொண்ட பயிற்சிப் பொறி, இன்று கண்ணாடியாகவும் அசையும் இருக்கையாகவும் சிறு அறைக்குள் அடங்குகிறது. வானை விரும்பும் எளிய வீட்டுப் பிள்ளைகள் அதை அணுகும் காலம் நெருங்குகிறது என்பதே இதன் பெரும்பயன்.

ஆயினும், நிலத்து வானம் உண்மை வானத்திற்கு ஈடாகாது. கரும்பலகைக்கும் கடற்கரைக்கும் இடையே இருந்த தொலைவு, பொறிக்கும் வானுக்கும் இடையேயும் உண்டு. அத்தொலைவை மறவாதவரே நல்ல மாணவர். தவறு செய்ய ஓர் இடம் வேண்டும். அதைத் திருத்திக்கொள்ளக் காலம் வேண்டும். கடல் தன் ஆழமற்ற கரையில் அவ்விரண்டையும் தந்தது. வானம் தராததை மனிதன் தன் அறிவால் அமைத்துக்கொண்டான். அங்கே நூறுமுறை விழுந்தவர், உண்மை வானில் ஒருமுறையும் விழாதிருக்கக் கற்கிறார்.