பக்கவாட்டுப் புகைக்குழாய்

மோட்டார் வண்டியின் புகைக்குழாய் பின்புறத்தில் இருப்பதே முறை என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். கண்டி நகரத்து இளைஞர் சிலருக்கு அது போதவில்லை. கதவுக்குக் கீழே, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், குழாயை வளைத்து வெளியே நீட்டிக்கொள்கிறார்கள். அத்தகைய வண்டியொன்று கட்டுகஸ்தோட்டைப் பக்கமிருந்து நகருக்குள் நுழைந்தால், வகுப்பறையில் பாதி வாக்கியத்தோடு நிறுத்தி, அது போன பிறகே நாம் மீதியைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆசிரியர் அறையில் இதுபற்றி எழும் பேச்சு “காவாலிகள்” என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடும். அவ்வளவில் முடித்துக்கொள்ள நமக்கு இயலவில்லை. ஏனெனில் அத்தகைய குழாய்களைச் செய்து கொடுப்பவருள் ஒருவன் நம்மிடம் படித்தவன். ஹந்தானை மலைச்சாரல் தோட்டமொன்றின் லயத்திலிருந்து வந்து படித்தான். சாதாரண தரப் பரீட்சையில் கேத்திரகணிதம் அவனைக் கைவிட்டது. கராஜ் ஒன்றில் கோலயாவாகச் சேர்ந்தவனை இன்று எல்லோரும் “பாஸ்” என்று அழைக்கிறார்கள். கராஜ் முதலாளியுடையது, இவனுக்கு நாட்சம்பளம்.

அவனுடைய வேலையை நாம் பல பிற்பகல்களில் பார்த்திருக்கிறோம். வண்டியை உயர்த்தித் தாங்கிகளின்மேல் நிறுத்தி, பழைய குழாயை இடையில் அறுத்தெடுக்கிறார்கள். இனிப் புதிய குழாய் ஒரு முழு வளைவு எடுத்துப் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். உட்புறத்தில் தாங்குகோல் செலுத்தி, விட்டம் குறையாமல் வளைக்கும் யந்திரம் அங்கே கிடையாது. வெறுமனே வளைத்தால் குழாயின் உள்பக்கம் மடிந்து நசுங்கிப்போகும். ஆகவே அவன் குழாயைச் சிறு சிறு ஆப்புத் துண்டுகளாக அறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி வளைவை உண்டாக்குகிறான். ஒவ்வொரு பொருத்திலும் 15 பாகை திரும்ப வேண்டுமானால் சேரும் முனை இரண்டையும் 7½ பாகைச் சாய்வில் அறுக்க வேண்டும். 90 பாகைக்கு 6 பொருத்துகள். ஒரு துண்டு சற்றே புரண்டு அமர்ந்தாலும் குழாயின் வாய் வானத்தையோ தரையையோ பார்க்கும். கேத்திரகணிதத்தில் சித்தியடையாதவன் இதனைச் சுண்ணாம்புக் கட்டியால் சீமெந்துத் தரையில் வரைந்து நமக்கு விளக்கினான்! பரீட்சை எதனை அளந்தது என்று நாம் யோசித்துக்கொண்டு நின்றோம்.

வளைவோடு வேலை முடிவதில்லை. எரிபொருள் செல்லும் குழாய்க்கும் பிரேக் குழாய்க்கும் சூடு எட்டாமல் விலகிப் போக வேண்டும். எஞ்சின் அதிரும்போது குழாயும் சேர்ந்து அசையுமாதலால் அதனை இறப்பர் வளையங்களில் தொங்கவிட வேண்டும். பெரிய சிக்கல் சைலன்சர்தான். துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடிநாரைத் திணித்துச் செய்யும் சைலன்சர் நன்றாகச் சத்தத்தை உறிஞ்ச வேண்டுமானால் அதற்கு நீளம் வேண்டும். பக்கவாட்டில் திருப்பும்போது அந்த நீளம் பறிபோகிறது. “குழாய் பெருத்தால் வண்டி பறக்கும் என்று நினைக்கிறார்கள், சேர். அளவுக்கு மிஞ்சினால் புகையின் ஓட்டம் தளர்ந்து, மேட்டில் ஏறும்போது இழுவைதான் குறையும். சத்தம் மட்டும் கூடும்” என்றான். வாடிக்கையாளரிடம் சொல்வதில்லையா என்று கேட்டோம். சொன்னால் அடுத்த கராஜுக்குப் போய்விடுவார்களாம்.

இந்த மோகம் நம் பையன்கள் கண்டுபிடித்ததன்று. 1928இல் வெளிவந்த மெர்சிடிஸ் எஸ்.எஸ்.கே. வண்டியின் எஞ்சின் மூடியிலிருந்து பக்கவாட்டில் புடைத்து நின்ற குழாய்கள் செல்வர்களின் விருது. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் வெள்ளையர் ஆட்சிக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. மலையில் எஞ்சின் முழங்கினால் அதற்கு விளையாட்டு என்று பெயர். லயத்துப் பையன் முழக்கினால் காவாலித்தனம்.

என்றாலும் அந்தச் சத்தத்துக்கு நாம் வக்காலத்து வாங்கப் போவதில்லை. கண்டி மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணம். 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த வாவியைச் சுற்றிப் பள்ளிக்கூடங்கள். காலையும் மதியமும் தெரு நிறையப் பிள்ளைகள். காற்று அசையாத நாளில் புகை வெளியேற வழியின்றித் தேங்குகிறது. ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் ஒழிந்ததும், 2008இல் புகைப் பரிசோதனை வந்ததும் நன்மைகளே. ஆனால் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கிப் பெட்டியையும் சிலர் இந்த வேலையோடு சேர்த்துக் கழற்றிவிடச் சொல்கிறார்கள். நடைபாதைப் பக்கம் திரும்பிய குழாயின் புகை, நடந்து போகும் சிறு பிள்ளைக்கு மிக அருகிலேயே வெளிப்படுகிறது. பின்கதவின் கண்ணாடி திறந்திருந்தால், நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டு வண்டிக்குள்ளும் புகும். சொந்தப் பிள்ளையைப் பின்னால் இருத்திச் செல்பவர் இதனை அறிவாரா?

எல்லோருக்கும் முன்னதாக அதனைச் சுவாசிப்பவன் நமது மாணவன். துருப்பிடிக்காத உருக்கை ஒட்டும்போது எழும் புகையில் ஆறு வலுவுள்ள குரோமியம் இருக்கிறது. 2017இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ஒட்டுவேலைப் புகையை, மனிதரில் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் தொகுதியில் வைத்தது. அந்தக் கராஜில் புகையை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி கிடையாது. மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு கைக்குட்டை. முகமறைப்பு ஒன்றே உண்டு. அதையும் இருவர் மாறி மாறிப் பிடிக்கிறார்கள். அருகில் நிற்கும் கோலயாவுக்கு இரவில் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறதாம்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டியையே சீர்செய்து ஓட்ட வேண்டியிருந்தமையால் அவனுக்கு வேலை குறைவின்றிக் கிடைத்தது. 2025 ஜனவரியில், ‘கிளீன் ஸ்ரீலங்கா’ வேலைத்திட்டத்தை ஒட்டி, சத்தமிடும் குழாய்களையும் சட்டவிரோத அலங்காரங்களையும் பொலிஸார் கழற்றிவிக்கத் தொடங்கினார்கள். பஸ்களும் முச்சக்கர வண்டிகளும் முதலில் அகப்பட்டன. கழற்றியது சரியே என்பது நமது கருத்து. ஆயினும் குழாயைக் கழற்றியவர்களுள் அதனைச் செய்தவனுடைய நுரையீரலை விசாரித்தவர் எவருமில்லை. குழாய் பின்புறம் திரும்பினாலும் அவன் உள்ளிழுக்கும் புகை அதேதான்.

நமது நாட்டில் தேசிய தொழில் தகைமை என்றொரு ஏற்பாடு இருக்கிறது. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவனும் தான் தொழிலில் கற்றதைச் செய்துகாட்டி அதனைப் பெறலாம். அது கிடைத்தால் காற்றோட்டமும் முகமறைப்பும் உள்ள ஒரு பட்டறையில் அவன் வேலை கேட்கலாம். படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாசித்துப் பார்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். செய்துகாட்டப் போகும் நாளுக்குச் சம்பளம் வெட்டப்படும் என்று முதலாளி இப்போதே சொல்லிவிட்டாராம். அதைப் பற்றிப் பேச, வரும் சனிக்கிழமை நாம் முதலாளியிடம் போகவிருக்கிறோம்.