கலைக்காமல் பார்த்தது

நெய்வேலி,
8.6.2025

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. மாப்பிள்ளையும் குட்டிப் பயல் நிலவனும் சுகம்தானே? பண்ருட்டிப் பலா வந்துவிட்டது. நேற்று ஒரு பழம் அறுத்தோம். கையில் ஒட்டின பால் போக நல்லெண்ணெய் தேய்க்கும்போது அம்மா உன் பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

திமிங்கலம் பார்க்கப் போனபோது அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாற்பது போட்டோவையும் பார்த்துவிட்டு, "எங்கப்பா திமிங்கலம்? எல்லாத்துலயும் தண்ணிதானே இருக்கு" என்று கேட்டிருந்தாய். அதற்கு போனில் பதில் சொல்லி முடியாது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

மார்ச்சில் நீ மதீராவுக்குப் போய் வந்து அரை மணி நேரம் பேசினாய். அந்தத் தீவில் 1981 வரைக்கும் திமிங்கல வேட்டை நடந்தது, பாறை உச்சியில் உட்கார்ந்து வேட்டைப் படகுக்குத் திசை காட்டிய மாதிரியே இப்போது பைனாகுலரோடு ஆள் உட்கார்ந்து சுற்றுலாப் படகுக்குச் சொல்கிறார்கள் என்றாய். நான் ரிட்டையர் ஆனதும் டிக்கெட் போடுவதாகவும் சொன்னாய். சந்தோஷம். ஆனால் போனை வைத்ததும் அம்மா கேட்டாள்: "இதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? நம்ம பக்கத்துல கடல் இல்லையா?"

கடல் இருக்கிறது. ஆனால் நம் பக்கத்தில் திமிங்கலம் என்றால் செத்துப்போனதுதான். எழும்பூர் செத்த காலேஜில் (மியூசியத்தில்) உன்னைத் தோளில் தூக்கி வைத்து எலும்புக்கூடு காட்டினேனே, அது ஒன்று. 2016 ஜனவரியில் மணப்பாடு, கல்லாமொழிப் பக்கம் கூட்டமாகக் கரை ஒதுங்கின செய்தி ஒன்று. மீனவர்கள் கயிறு கட்டி ஆழத்துக்கு இழுத்துவிட, அவை திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன. 1973லும் அதே மணப்பாட்டில் 147 ஒதுங்கியிருக்கின்றன. மற்றபடி பேப்பரில் 'திமிங்கல வாந்தி கடத்தல்' என்று நாலு பேரை உட்கார வைத்து எடுத்த போட்டோ. உயிரோடு பார்க்க நம் ஆள் போக வேண்டிய இடம் திருகோணமலை என்று எங்கள் மைன் பெஞ்சில் வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 'சிவகங்கை' கப்பல் விட்டிருக்கிறார்கள், நாலு மணி நேரம்தான். வெளிநாடு என்பதால் எல்.டி.சி. கிடையாது. பத்து நாள் இ.எல். போட்டேன்.

பயணத்தைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிதம்பரம் வழியாக நாகை, கப்பல், யாழ்ப்பாணம், அங்கிருந்து வவுனியா சுற்றி திருகோணமலைக்கு பஸ். கடைசி பஸ்ஸில் அம்மா என் தோளிலேயே தூங்கிவிட்டாள்.

மறுநாள் கோணேசர் கோயிலுக்குப் போனோம். மலை நேராகக் கடலுக்குள் செங்குத்தாக இறங்குகிறது. இராவணன் வெட்டு என்று ஒரு பிளவு காட்டினார்கள். நீ மதீராவைப் பற்றிச் சொன்ன பாறை உச்சி மாதிரிதான் இதுவும். சீசனில் இங்கே நின்றே திமிங்கலம் ஊதுவதைப் பார்த்துவிடலாம் என்று பூக்கடைக்கார அம்மா சொன்னாள். கரைக்குப் பக்கத்திலேயே அது வரக் காரணம் இருக்கிறது. திருகோணமலைத் துறைமுக வாயிலிலிருந்தே கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. நம் மைன் விளிம்பில் நின்று அடி பெஞ்சைப் பார்ப்பாயே, அப்படிச் சட்டென்று இறங்கும் ஆழம், ஆனால் பல மடங்கு. ஆழத்திலிருந்து மேலே வரும் சத்துள்ள தண்ணீரில் இரை பெருகும், இரை இருக்கும் இடத்தில் இவை இருக்கும். இவை நீலத் திமிங்கலங்கள். உலகத்தில் மற்ற நீலத் திமிங்கலங்கள் பல இரைக்காகத் துருவப் பக்கம் போய்த் திரும்புமாம். இந்தக் கடலில் இருப்பவை வெயில் ஊரை விட்டு அவ்வளவு தூரம் போவதில்லை. ஆஷா டி வோஸ் என்ற இலங்கைப் பெண் விஞ்ஞானி இதைத்தான் வருஷக்கணக்காக ஆராய்கிறார். 2003இல் ஒரு ஆராய்ச்சிக் கப்பலில் போனபோது, திமிங்கலத்தின் சிவப்பான கழிவு மிதப்பதைப் பார்த்து, இங்கேயே இவை மேய்கின்றன என்று அவருக்குப் பொறி தட்டியதாம். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "சாப்பிடும்போதா சொல்வீங்க?" என்றாள்.

முதல் நாள் படகு எனக்குப் பிடிக்கவில்லை. யாருடைய படகு என்று எழுத வேண்டாம். காலை ஆறு மணிக்கு நிலாவெளிக் கரையிலிருந்து ஃபைபர் படகில் எட்டுப் பேர். முக்கால் மணி நேரம் போனதும் தூரத்தில் வெள்ளையாக ஒரு ஊதல். படகுக்காரப் பையன் எஞ்சினை முழுசாக முறுக்கினான். மற்ற படகுகளும் நாலு திசையிலிருந்து பாய்ந்தன. ஆறு படகும் வட்டம் கட்டி நின்றபோது நடுவில் ஒன்றுமில்லை. மறுபடி ஊதியது, மறுபடி பாய்ச்சல். மூன்றாம் தடவைக்கு அது மூழ்கியது மூழ்கியதுதான். எஞ்சின் புகையில் அம்மா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். உனக்கு வந்த நாற்பது போட்டோவும் அந்த நாளில் எடுத்தவை.

உனக்குத் தெரியும், நான் இருபத்தெட்டு வருஷமாக மைனில் மண் வெட்டும் பக்கெட் வீல் மெஷினில் இருக்கிறேன். 1400 லிட்டர் மெஷின் பூமைச் சுழற்றும்போது அந்த வட்டத்துக்குள் ஒரு ஈ காக்கை நிற்கக் கூடாது. கன்வேயர் ஓடப் போகிறது என்றால் முதலில் சைரன். புதிதாக வரும் அப்ரண்டிஸ் பையன்களிடம் நான் முதல் நாள் சொல்வது ஒன்றுதான்: பெரியது அசையும் இடத்தில் எங்கே நிற்பது என்று தெரிந்துகொள், வேலை அப்புறம். அந்தக் கடலில் ஆறு படகும் நின்ற நிற்பைப் பார்த்தபோது, ஷிஃப்ட் இன்சார்ஜ் யார் என்று கேட்கத்தான் வாய் வந்தது. திமிங்கலத்துக்கு 100 மீட்டருக்குள் படகு போகக் கூடாது என்று இலங்கையில் விதியே இருக்கிறது.

சாயங்காலம் டீக்கடையில் ஒரு வயதான படகோட்டியைப் பார்த்தேன். சண்டைக்காலத்தில் அந்தக் கடலில் வள்ளம் இறக்கவே கட்டுப்பாடு இருந்தது, 2009க்கு அப்புறம்தான் வெள்ளைக்காரர்களைத் திமிங்கலம் பார்க்கக் கூட்டிப் போகிறோம் என்றார். நான் காலையில் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். "கலைக்கக் கூடாது ஐயா. கலைச்சால் அது தாண்டு போயிடும். நாளைக்கு வெள்ளன வெளிக்கிடுவம்" என்றார். கலைப்பது என்றால் அவர்கள் பேச்சில் துரத்துவது. தாண்டு போவது என்றால் மூழ்கிப் போவது. வெளிக்கிடுவது என்றால் கிளம்புவது. எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது.

மறுநாள் அவர் படகில் நாங்கள் மூன்று பேர்தான். அம்மா ஒரு துண்டு இஞ்சியை வாயில் அடக்கிக்கொண்டாள். வழியில் ஓங்கில் கூட்டம் ஒன்று வந்தது (ராமேஸ்வரத்துப் பக்கம் டால்பினுக்கு இந்தப் பெயர்தான்). நூறாவது இருக்கும். ஒவ்வொன்றும் தண்ணீருக்கு மேலே எழும்பி, பம்பரம் மாதிரி தன்னைத் தானே சுற்றிக்கொண்டு விழுந்தது. அம்மா கை தட்டினாள், அவ்வளவு சத்தமாக அவள் சிரித்து நான் கேட்டு வருஷமாகிறது. படகோட்டி அங்கேயும் நிற்கவில்லை. ஓரிடத்துக்குப் போய் எஞ்சினை நிறுத்தினார். எஞ்சின் நின்றதும் படகைத் தட்டும் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். பீடி பற்ற வைத்துக்கொண்டு, "இனி அது வரட்டும்" என்றார்.

நாற்பது நிமிஷம் ஒன்றும் இல்லை. நான் பொறுமை இழந்து வாயைத் திறக்கப் போனேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

முதலில் சத்தம்தான் வந்தது. கொல்லன் துருத்தியை ஒரே அழுத்தாக அழுத்தின மாதிரி. திரும்பிப் பார்த்தால் தென்னை மர உயரத்துக்கு ஆவி. பிறகு முதுகு. நீலம் என்கிறார்களே, அப்படியெல்லாம் இல்லை. ஈரச் சிமெண்ட் தரையில் அங்கங்கே சுண்ணாம்பு தெறித்த மாதிரி ஒரு சாம்பல். முதுகு போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகுதான் கடைசியில் சின்னதாக ஒரு துடுப்பு வந்தது, அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல். இங்குள்ளவை கொஞ்சம் குட்டை ரகமாம், இருந்தும் இருபது மீட்டருக்கு மேல். நம் குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்து தெருமுனை பஸ் ஸ்டாப் வரைக்கும் வரும். அது எங்களைச் சட்டை செய்யவே இல்லை. நாலைந்து தடவை மூச்சு விட்டது. கடைசி மூச்சுக்கு முதுகை வளைத்தது. "இப்ப வால்" என்றார் அவர். வால் எழுந்தது. ஓரத்தில் தண்ணீர் சல்லடையில் ஒழுகுவது போல ஒழுகியது. சத்தமே இல்லாமல் உள்ளே போனது.

போன இடத்தில் ஒரு வட்டம் கிடந்தது. சுற்றிலும் அலை சிலிர்க்க, அந்த வட்டம் மட்டும் எண்ணெய் ஊற்றின மாதிரி வழவழவென்று. உள்ளே வால் அடிப்பதால் மேலே கிளம்பும் தண்ணீர் அப்படிச் செய்யுமாம். அதன் காலடித் தடம் என்று வைத்துக்கொள். அம்மா போனைக் கையில் வைத்திருந்தவள் எடுக்கவே இல்லை. அதனால்தான் உனக்குப் போட்டோ வரவில்லை, தெரிகிறதா?

காலடி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, நிலவனுக்குச் சொல். திமிங்கலத்தின் முன்னோர்களுக்குக் கால் இருந்தது. கால் உள்ள திமிங்கல எலும்புகள் குஜராத்தின் கட்ச்சில் கிடைத்திருக்கின்றன. அங்கேயும் நம்மைப் போல லிக்னைட் தோண்டுகிறார்கள். அதற்கும் முந்தி, திமிங்கலத்துக்கு நெருங்கிய உறவாக, பூனை அளவில் மான் மாதிரி ஒரு பிராணி. ஏ. ரங்கா ராவ் என்ற நம் நிலவியலாளர் காஷ்மீர்ப் பக்கம் காலகோட்டில் சேகரித்து வைத்த பாறைகளிலிருந்து, அவர் காலத்துக்குப் பிறகு அதன் எலும்பு கிடைத்தது. 2007இல் வெளியே சொன்னார்கள். இண்டோஹையஸ் என்று பெயர். கிட்டத்தட்ட 5 கோடி வருஷம் முந்தியது. இவ்வளவு வருஷம் மண்ணைத் தோண்டின எனக்கு இது தெரியாமல் இருந்ததே என்று வெட்கமாக இருந்தது.

படகில் கரை திரும்பும்போது படகோட்டி இன்னொன்று சொன்னார். தெற்கே மிரிஸ்ஸ பக்கம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இதே திமிங்கலங்களைப் பார்க்கலாம், ஆனால் அந்தக் கடல் வழியாகத்தான் உலகத்துக் கப்பல்கள் போகின்றன, அவற்றில் மோதித் திமிங்கலங்கள் சாகின்றன என்று. பெரிய கப்பலை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, எனக்கு அது புரியும். வழியைத்தான் மாற்ற வேண்டும். எம்.எஸ்.சி. என்ற கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களை 15 கடல் மைல் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது என்று பின்னால் படித்தேன். மற்றவர்களுக்கும் அந்தத் தண்ணீர் அங்கேதான் இருக்கிறது.

பிப்ரவரியில் ரிட்டையர். குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும், வடக்குத்தில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். மதீரா டிக்கெட் இப்போதைக்கு வேண்டாம் கயல். அதற்குப் பதில் நீங்கள் மூன்று பேரும் வாருங்கள். டிசம்பரில் வராதே, அடைமழையில் கப்பல் ஓடாது, அந்தப் பக்கம் திமிங்கலமும் இருக்காது. மே மாதம் வா. அந்தப் படகோட்டியின் நம்பரை என் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். நிலவனால் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார முடியுமா என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
அப்பா