அன்னைக்கு ஆறு லிட்டர் போச்சு

"செருப்பை மேல எடுத்து வெச்சிட்டு வாங்க தம்பி, லட்சுமி தின்னுடுவா."

ஆனேக்கல்லிலிருந்து தளிக்குப் போகிற சாலையை விட்டு இறங்கி, ராகிக் கொல்லை வரப்பில் நடந்து, விடிகாலை ஐந்தரைக்கு அந்த மாட்டுக்கொட்டாய்க்குள் நுழைந்தபோது அக்கா சொன்ன முதல் வார்த்தை இது. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று வாசலிலேயே கழற்றிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இடதுகால் செருப்பில் வார் இல்லை. உடம்பில் பாஸ்பரஸ் குறைந்தால் மாடு தோல், எலும்பு, துணி என்று கிடைத்ததையெல்லாம் மெல்லும், தாது உப்புக் கலவை வைத்தால் சரியாகிவிடும் என்று எங்கோ படித்ததை எடுத்துவிட்டேன். "உப்பெல்லாம் தெனமும் வெக்கிறோம். இவளுக்குத் திமிரு" என்றார் அக்கா. போன வருடம் தீவனத் தொட்டி விளிம்பில் மறந்து வைத்த பாஸ்புத்தகத்தையும் லட்சுமிதான் தின்றாளாம். பதினைந்து நாள் பால் கணக்கு அதில் இருந்தது.

ஐந்து சீமைப் பசு, ஒரு ஹள்ளிக்கார் நாட்டுப் பசு, மூன்று கன்று. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், மாமியாருக்குக் கோபம் வந்தால் தெலுங்கு. மாடுகளுக்கு இதில் எது புரியும் என்பது வேடிக்கையான கேள்வி இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து ஒரு பசுவைப் பிடித்து வந்தபோது கூலியாள் கன்னடத்தில் "பா, பா" என்று கூப்பிட்டிருக்கிறார். அது அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மடி நிறைய வைத்துக்கொண்டு பாலை இறக்கவும் இல்லை. மாடு மிரண்டால் பாலை இறக்கும் சுரப்பு வேலை செய்யாது. காம்பை எவ்வளவு இழுத்தாலும் நாலு சொட்டுதான். மூன்றாம் நாள் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைச் சொறிந்துகொண்டே தமிழில் ஊர்க்கதை பேசினாராம், இறக்கிவிட்டது. "மூணு நாள்ல இருபது லிட்டர் போச்சு" என்று முடித்தார் அக்கா.

இந்த வீட்டில் எந்தக் கதையும் இப்படித்தான் முடிகிறது. வயிறு வலிக்கச் சிரிப்பார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், பிறகு எத்தனை லிட்டர் போனது என்று சொல்வார்கள். அதைச் சொல்லாமல் கதை முடிந்ததாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

ஹள்ளிக்கார் மட்டும் இந்தக் கணக்கில் வராது. சாம்பல் நிறம், பின்னால் வளைந்து ஏறும் நீளக் கொம்பு. ஏர் உழவும் வண்டி இழுக்கவும் பேர்போன இனம், பாலுக்கு ஆகாது. அக்காவின் மாமனாரான தாத்தா அதைத் தன் பெருமைக்கு வைத்திருக்கிறார். சங்கராந்தி சாயங்காலம் வைக்கோலைக் கொளுத்தி மாடுகளைத் தாண்ட விடும் 'கிச்சு' அன்று ஊரே இவளைத்தான் பார்க்கும் என்றார். "ஒரு வருசம் இவ தாண்டிட்டா. கயித்தப் புடிச்சிருந்த இவரு தாண்டல" என்றார் மாமியார். தாத்தாவின் கணுக்காலில் தழும்பு இருக்கிறது. அவர் காட்டவில்லை, நானாகப் பார்த்தேன்.

கறந்து பார்க்க எனக்கும் ஆசை வந்தது. கறவை மெஷின் இருக்கிறது, ஆனால் கடைசிப் பாலைக் கையால்தான் வழிக்கிறார்கள். குந்தி உட்கார்ந்து காம்பைப் பிடித்தேன். மூத்திரத்திலும் சாணியிலும் ஊறிய வால் கன்னத்தில் பளாரென்று விழுந்தது. மூக்குக்கண்ணாடி வாளிக்குள் போனது. "வாலைத் தொடையில அணைச்சுக்கணும்" என்றார் அக்கா, எல்லாம் முடிந்த பிறகு. அரை லிட்டரைக் கன்றுக்கு வைத்தார்கள். யாரும் கணக்குச் சொல்லவில்லை, விருந்தாளி என்று விட்டுவிட்டார்கள் போல.

அந்தக் கடைசிப் பாலில்தான் காசு இருக்கிறது. முதலில் வருவது தண்ணீர் மாதிரி. மடி வற்ற வற்றக் கொழுப்பு ஏறும். ஊரில் 'டைரி' என்று சொல்லும் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு பரிசோதனை மெஷின். குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய கூட்டுறவுப் பால் அமைப்பு கர்நாடகத்துடையது. பெங்களூருக்காரர்கள் காலையில் கத்தரிக்கும் நந்தினி பாக்கெட் இப்படிப்பட்ட மேஜைகளில்தான் தொடங்குகிறது. கொழுப்பும் மற்ற திடச்சத்தும் எவ்வளவு என்று மெஷின் எண்ணாகச் சொல்லும், அதை வைத்துத்தான் விலை. அரசு ஊக்கத்தொகை லிட்டருக்கு இவ்வளவு என்று தனி. அக்கா கேனோடு வரிசையில் நிற்கும்போது தேர்வு முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தார்.

ஒரு மாதம் தினமும் காலையில் மட்டும் பால் குறைந்துகொண்டே வந்ததாம். தீனி போதவில்லையோ என்று ராகித்தாளைக் கூட்டினார்கள். பூசாத் தவிட்டை மாற்றினார்கள். மாமியார் யார்மீதோ சந்தேகப்பட்டுப் படியில் எலுமிச்சம்பழம் வைத்தார். கடைசியில் தாத்தா ஒரு ராத்திரி கட்டிலைக் கொட்டாயில் போட்டுப் படுத்தார். விடிகாலை மூன்று மணிக்குக் கன்று பல்லால் தும்பை அவிழ்த்துக்கொண்டு போய், குடித்து முடித்து, தன் இடத்துக்கே திரும்பி வந்து நின்றதைப் பார்த்திருக்கிறார். "அவுத்தது கூடப் பரவால்ல தம்பி. திரும்பி வந்து நின்னுச்சு பாருங்க" என்று இன்றும் வியக்கிறார். பிடிக்காமல் விட்டுவிட்டு, காலையில்தான் எல்லாரிடமும் சொன்னாராம். அன்றைய கணக்கு இவர் தலையில் எழுதப்பட்டது.

ஆறு லிட்டர் கதைக்கு வருகிறேன். சந்தாபுரா பக்கம் அபார்ட்மெண்ட்கள் எழும்பி வருகின்றன. குடி வந்தவர்கள் சாணி நாற்றம் என்று முகம் சுளிப்பார்கள், புதுமனை புகும்போது மட்டும் பசுவும் கன்றும் வாடகைக்கு வேண்டும். ஒரு குடும்பம் நாட்டு மாடுதான் வேண்டும் என்று வந்தது. ஹள்ளிக்காரின் கொம்பு எந்தக் கதவிலும் அடங்காது என்பதால் லட்சுமியை மினி லாரியில் ஏற்றினார்கள். இரண்டாம் மாடி. விடிகாலை முகூர்த்தத்துக்குப் படியில் தானாகவே ஏறிவிட்டாள். ஹாலைச் சுற்றினாள், வாழைப்பழம் தின்றாள், பளபளக்கும் டைல்ஸில் தாராளமாக மூத்திரம் போனாள். புரோகிதர் சுபம் என்றார். இறங்கும்போதுதான் நின்றுவிட்டாள். மாடு படி ஏறும், இறங்கப் பயப்படும். கனமெல்லாம் முன்பக்கம் சரியும். கன்றைத் தூக்கிக்கொண்டு கீழே போய்க் கத்தவிட்டுப் பார்த்தார்கள். மேலிருந்து இவளும் கத்தினாள். தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர்கள் போனில் படம் பிடித்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர், மாட்டுக்கு முன்அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டாராம்.

படிக்கெல்லாம் கோணிச் சாக்கு விரித்து, கண்ணைத் துண்டால் கட்டி, பின்புறமாகத் திருப்பி, நாலு பேர் தாங்கி ஒவ்வொரு படியாக இறக்கியபோது மணி பதினொன்றரை. மடி கல் மாதிரி இறுகிக் கிடந்தது. டைரி மூடியாயிற்று.

"காலைப் பால் ஆறு லிட்டர் போச்சு. சாயங்காலமும் கொறச்சுதான் குடுத்தா. வாடகையில லாரிக்குப் போக என்ன மிஞ்சுச்சுன்னு கேக்காதீங்க." கேட்கவில்லை. வீட்டுக்காரர்கள் இரண்டு நாள் கழித்து வந்து, உங்கள் மாட்டுப் பால் தினமும் கிடைக்குமா என்று விசாரித்தார்களாம்.

நான் கிளம்பும் முன் அக்கா கொட்டாய்ச் சுவரில் மளிகைக்கடைக் காலண்டரைக் காட்டினார். தேதிகளைச் சுற்றி வட்டங்கள். பசு இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை சினைப்பருவத்துக்கு வரும். ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். காலையில் அறிகுறி கண்டால் சாயங்காலம் சினை ஊசி போட ஆளைக் கூப்பிட வேண்டும். சீமைப் பசுக்கள் சில கத்தவே கத்தாது, கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கௌரி இன்னொரு பசுவின் முதுகில் மோவாயை வைத்து அசையாமல் நின்றாள். என்ன பிரியம் என்று நினைத்து ஒரு படம் எடுத்தேன். அக்கா எனக்குக் காபி போட உள்ளே போயிருந்தார்.

மூன்று நாள் கழித்துப் படங்களை அனுப்பினேன். அடுத்த நிமிடம் போன் வந்தது.

"தம்பி, கௌரி படம் என்னைக்கு எடுத்தது?"

"நான் வந்த அன்னைக்குக் காலையிலதான்க்கா. ஏன்?"

"மோவாய் வெச்சிருக்கா பாருங்க. அதான் அறிகுறி. அன்னைக்குப் பூரா உங்ககூடப் பேசிச் சிரிச்சுக்கிட்டு இருந்ததுல ஒருத்தரும் பாக்கல." பின்னால் மாமியார் தெலுங்கில் ஏதோ சொல்வது கேட்டது. "இனி அடுத்த பருவம் வரைக்கும் சும்மா நிக்கணும். கன்னு போடறதும் இருபத்தோரு நாள் தள்ளிப் போகும். எத்தன லிட்டர்னு நீங்களே போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். பிறகு என் வீட்டுக் காலண்டரில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டேன்.