'ஹை' என்றால் 'ம்'

"நாற்பது வயசுல எதுக்கு சார் ஜப்பான் பாஷை?" பேங்க்ல கேட்டாங்க. காக்ஸ் டவுன் மார்க்கெட்ல காய்கறிக்காரர் கேட்டார். ஊருக்குப் போனப்போ சித்தப்பா கேட்டார். தங்கமணி மட்டும் வேற மாதிரி கேட்டாங்க. "பதினோரு வருஷமா பெங்களூர்ல இருக்கீங்க. ஆட்டோக்காரர்கிட்ட கன்னடத்துல முழுசா நாலு வார்த்தை பேசத் தெரியல. அதுக்குள்ள ஜப்பானா?"

நியாயமான கேள்விதான். ஆனா காக்ஸ் டவுன்ல குடியிருக்கிறவனைக் கன்னடம் பேச யார் விடறா, சொல்லுங்க? இஸ்திரி போடறவர் தமிழ், பூக்காரம்மா தமிழ், வீலர் ரோட்டுல டீ ஆத்தறவர் தமிழ். கன்டோன்மென்ட் காலத்துலேர்ந்தே நம்ம ஆளுங்க வந்து குடியேறின இடம். விருதுநகர்லேர்ந்து மாத்தலாகி வந்த எனக்கு ஊரை விட்டு வந்த மாதிரியே இல்லை. அந்த சொகுசுலயே காலம் ஓடிப் போச்சு.

ஜப்பான் பாஷை படிக்கப் போனதுக்குக் காரணம் ஒரு தப்பு. இதுவரைக்கும் வெளியில சொன்னதில்லை. இப்ப சொல்றேன்.

2018 ஆரம்பத்துல எங்க கிளைக்கு ஒரு கஸ்டமர். பீன்யாவுல சின்ன லேத் பட்டறை, கோயமுத்தூர்க்காரர், வயசு ஐம்பதைத் தாண்டினவர். நான் அவரை அண்ணாச்சிம்பேன், அவர் என்னை "ஏனுங்க சார்"ம்பார். பித்தளை புஷ், சின்னச் சின்ன பின், இதெல்லாம் கடைஞ்சு கொடுத்துக்கிட்டிருந்தார். ஒரு ஜப்பான் கம்பெனிக்காரங்க பட்டறையைப் பார்க்க வர்றாங்க, ஆர்டர் கிடைச்சா சி.என்.சி மெஷின் வாங்கணும், 38 லட்சம் டேர்ம் லோன் வேணும்னார். இன்ஸ்பெக்ஷனுக்கு நானும் அன்னிக்கே போயிட்டேன்.

வந்தவங்க மூணு பேர், கூட ஒரு மொழிபெயர்ப்பாளப் பொண்ணு. மூத்தவர் ஒருத்தர் அண்ணாச்சி சொன்னதுக்கெல்லாம் தலையை ஆட்டி "ஹை, ஹை"ன்னார். விலை சொன்னோம், ஹை. டெலிவரி தேதி சொன்னோம், ஹை. கிளம்பும்போது குனிஞ்சு வணக்கம் சொல்லி ஏதோ சொன்னார். 'பாசிட்டிவா பரிசீலிக்கிறோம்'னு அந்தப் பொண்ணு மொழிபெயர்த்தாங்க. அண்ணாச்சி முகத்தைப் பார்க்கணுமே... தீபாவளி!

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? லோன் புரபோசல்ல 'வாங்குபவர் கொள்கையளவில் ஒப்புக்கொண்டுள்ளார்'னு எழுதினேன். பர்ச்சேஸ் ஆர்டர் கைக்கு வரட்டும்னு நிறுத்தியிருக்கணும். நிறுத்தலை. மார்ச் மாசம், வருஷக் கடைசி, டார்கெட். பேங்க்ல வேலை பார்க்கிறவங்களுக்கு மேல சொல்ல வேண்டியதில்லை. லோன் சாங்க்ஷன் ஆச்சு. வீட்டுப் பத்திரம் அடமானம். மெஷினும் வந்து இறங்கிடுச்சு.

ஆர்டர் வரலை. அண்ணாச்சி மெயில் போட்டா மரியாதையா பதில் வரும், ஆர்டர் வராது. அக்டோபர் தவணை நின்னுச்சு, அப்புறம் நவம்பர். மேலிடத்துலேர்ந்து எனக்கு ஒரு மெமோ. அதைவிட, அண்ணாச்சி வீட்டம்மா ஒருநாள் கிளைக்கு வந்து, "சார், வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதில்லீங்?"னு மட்டும் கேட்டுட்டு, நான் கொடுத்த டீயைக் குடிக்காமப் போனாங்க. அன்னிக்கு ராத்திரி தூங்கலை.

தப்பிச்சது ரிசர்வ் வங்கி புண்ணியத்துல. 2019 ஜனவரி 1-ந்தேதி ஒரு சர்க்குலர் வந்துச்சு. 25 கோடிக்குள்ள கடன் இருக்கிற சிறுதொழில்காரங்க, தவணை தவறியிருந்தாலும் கணக்கு இன்னும் வாராக்கடன் ஆகாம இருந்தா, ஒரே ஒரு முறை தவணையை மாத்தி அமைக்கலாம்னு. தொண்ணூறு நாள் தாண்டினாத்தான் வாராக்கடன். அண்ணாச்சி கணக்கு அன்னிக்கு அறுபத்திச் சொச்சம் நாள்ல நின்னுச்சு. மெஷினை மத்தவங்களுக்கு ஜாப் ஒர்க் ஓட்டி, மெதுவா கட்ட ஆரம்பிச்சார்.

இதுக்கு நடுவுலதான், 2018 ஜூன்ல, காக்ஸ் டவுன்லயே ஒரு வீட்டு மாடியில ஞாயித்துக்கிழமை ஜப்பான் வகுப்பு நடக்குதுன்னு கேள்விப்பட்டேன். டீச்சர், அதாவது சென்செய், பல வருஷம் ஒசாகாவுல இருந்துட்டு வந்த அம்மா. கூடப் படிச்சதெல்லாம் ஐ.டி பசங்க. முதல் நாளே "அங்கிள், பையனைச் சேர்க்க வந்தீங்களா?"ன்னாங்க. ஹூம்.

முதல் வகுப்பு முடிஞ்சதும் சென்செய்கிட்ட அந்தப் பட்டறைக் கதையைச் சொன்னேன். அவங்க சிரிக்கலை. "கடைசியா அவர் 'மாஎமுகி நி கென்தோ ஷிமஸ்'னு சொல்லியிருப்பாரே?"ன்னாங்க. அதேதான். முன்நோக்கிப் பரிசீலிக்கிறோம்னு அர்த்தமாம். வியாபாரப் பேச்சுல பெரும்பாலும் அது நாசூக்கான 'இல்லை'. 'சோத்தோ முஸுகஷீ', கொஞ்சம் கஷ்டம்னு சொன்னா, நடக்கவே நடக்காது.

"அப்ப ஹை?"

"ஹைன்னா 'ஆமாம்'தான். ஆனா நீங்க பேசும்போது அவர் சொல்ற ஹை, 'நீ சொல்றது காதுல விழுது'. பாட்டி கதை சொன்னா 'ம்' கொட்டுவீங்கள்ல, அது."

எனக்குப் பொறி தட்டுச்சு. எங்க அப்பா விருதுநகர்ல ஒரு பருப்புக் கமிஷன் மண்டியில கணக்கெழுதினவர். மண்டி முதலாளி யாருக்கும் இல்லைன்னு சொன்னதே கிடையாது. "பார்த்துச் சொல்றேன்"ம்பார். அந்தப் 'பார்த்துச் சொல்றேன்'ல எது நிஜம், எது கும்பிடு போட்டு அனுப்பறதுன்னு அப்பாவுக்கு மட்டுமில்ல, மூட்டை தூக்கறவருக்கும் தெரியும். மண்டிக் கணக்கப்பிள்ளை மகன் நான். எனக்குத் தெரியலை, ஏன்னா அந்தப் பொண்ணு சொன்னது இங்கிலீஷ்ல. இங்கிலீஷ்ல கேட்டதும் பி.காம் மூளை அதை ஒப்பந்தமாப் படிச்சுடுச்சு.

ம் கொட்டறதுக்கு ஜப்பான்ல 'ஐசுச்சி'ன்னு பேரே இருக்கு. கொல்லன் பட்டறையில ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு மாத்தி மாத்திச் சம்மட்டி அடிப்பாங்களே, அதுலேர்ந்து வந்த சொல். அண்ணாச்சிக்குச் சொன்னப்போ ரொம்ப நேரம் பேசாம இருந்தார்.

பாஷை கஷ்டமான்னு கேட்டா, வாக்கிய அமைப்பு நமக்குக் கஷ்டமே இல்லை. வினை கடைசியில வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னாடி ஒட்டும், நம்மளை மாதிரியே. 'தபெதெ மிரு'ன்னா சாப்பிட்டுப் பார். 'மிரு'ன்னா பார்தான்! 'கத்தெ ஒகு'ன்னா வாங்கி வை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவங்களும் 'போறேன்'னு சொல்ல மாட்டாங்க, 'இத்தெகிமஸ்', போயிட்டு வரேன். பக்கத்துல உட்கார்ந்திருந்த டெல்லிப் பையன் இதுக்கு இலக்கணப் புத்தகத்தைப் புரட்டிக்கிட்டிருந்தான், நான் காலை ஆட்டிக்கிட்டிருந்தேன் :-)

யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு இன்னும் லாபம். கொரே, சொரே, அரே, தொரே. இது, உது, அது, எது. கேக்கறவர் பக்கத்துல இருக்கிறது 'சொரே'. அந்த 'உது'வை நாங்க இங்க தொலைச்சுட்டோம், நீங்க இன்னும் வெச்சிருக்கீங்க.

அகரவரிசையைப் பார்த்து அசந்து போனேன். அ இ உ எ ஒ, அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ஹ ஒரு காலத்துல ப-வா இருந்ததாம். நம்ம க ச ட த ப-வை மனசுல ஓட்டிப் பாருங்க. பௌத்தத்தோட போன சமஸ்கிருத எழுத்துமுறையைப் படிச்சவங்க வகுத்த வரிசை அது. 736-ல ஜப்பான் போய், 752-ல நாரா நகரத்துப் பெரிய புத்தருக்குக் கண் திறந்து வெச்ச போதிசேனர்ங்கற துறவியும் இந்தியாலேர்ந்து போனவர்தான். சுசுமு ஓனோன்னு ஒரு பேராசிரியர், 2008-ல காலமானார், ஜப்பான் மொழிக்கும் தமிழுக்கும் உறவே உண்டுன்னு பல வருஷம் எழுதினார். மொழியியல்காரங்க பெரும்பாலும் ஏத்துக்கலை. நான் கணக்குப் படிச்சவன், தீர்ப்புச் சொல்லத் தகுதி இல்லை. ஆனா ஹோம்வொர்க் செய்யும்போது அவர் பக்கம்தான் :-)

எண்தான் ஆளைக் கொன்னுச்சு. அவங்களுக்கு லட்சம், கோடி கிடையாது, மில்லியனும் கிடையாது. பத்தாயிரம் ஒரு 'மான்'. அண்ணாச்சியோட 38 லட்சம், 380 மான். ஒரு கோடி ஆயிரம் மான். பத்துக் கோடி ஒரு 'ஓகு'. பேங்க்காரன் ஒரு சைபர் தப்பினா என்ன ஆகும்னு தெரியும்ல? முதல் ரெண்டு மாசம் விரல் விட்டு எண்ணினேன்.

கஞ்சி எழுத்துன்னா (சாப்பிடற கஞ்சி இல்லீங்க) பயந்துதான் உட்கார்ந்தேன். ஆனா டெபிட்டுக்கு 'கரிகதா', கடன் வாங்கினவன் பக்கம். கிரெடிட்டுக்கு 'கஷிகதா', கடன் கொடுத்தவன் பக்கம். காலேஜ்ல யாராவது இப்படிச் சொல்லியிருந்தா முதல் வருஷ அக்கவுண்டன்சியில முழிச்சிருக்க மாட்டேன். நம்ம பேரேட்டுல பற்று, வரவு. அங்க ஆளைச் சொல்றாங்க. ஃபுகுசவா யுகிச்சிங்கறவர் 1873-லயே மேல்நாட்டுக் கணக்குப் பதிவு புத்தகத்தை ஜப்பான் மொழிக்குக் கொண்டுவந்தார். பத்தாயிரம் யென் நோட்டுல 1984-லேர்ந்து அவர் படம்தான். 2024 ஜூலையில வந்த புது நோட்டுல ஷிபுசவா எய்இச்சி, முதல் தேசிய வங்கியை ஆரம்பிச்சவர். கணக்கு வாத்தியாரை இறக்கிட்டு பேங்கரை ஏத்தியிருக்காங்க. எங்க கிளையில இதைச் சொன்னேன், யாரும் கண்டுக்கலை.

2018 டிசம்பர்ல என்5 பரீட்சை, பாஸ். 2019 டிசம்பர்ல என்4, ஃபெயில். எப்படி ஃபெயில் தெரியுமா? 180-க்கு 90 எடுத்தாப் போதும், நான் 98. ஆனா கேட்டல் பகுதியில மட்டும் 60-க்குத் தனியா 19 எடுக்கணும். எனக்கு 17. மறுபடியும் காது! தங்கமணி மார்க் ஷீட்டைப் பார்த்துட்டு, "இது எனக்குக் கல்யாணமான அன்னிக்கே தெரியும்"னாங்க. கொரோனா போய், 2022-ல திரும்ப எழுதித் தேறினேன். சரளமா இன்னும் பேச வராது. தொழில் இடத்துல பேசற மரியாதைப் பேச்சு தனி உலகம், வாடிக்கையாளரை உயர்த்த ஒரு வினை, நம்மளைத் தாழ்த்திக்க ஒரு வினை. எல்லாத்துக்கும் ஒரு 'ங்க' போட்டு முடிக்கிற கோயமுத்தூர் எவ்வளவோ தேவலை.

போன மாசம் அண்ணாச்சி காக்ஸ் டவுன் வீட்டுக்கே வந்தார். பழைய லோன் முடிஞ்சாச்சு, பத்திரமும் வாங்கிட்டார். இப்ப வேற ஒரு ஜப்பான் கம்பெனி விசாரிச்சிருக்கு. கையில ரெண்டாவது மெஷினுக்கான கொட்டேஷன். பிரிண்ட் எடுத்த மெயிலை என்கிட்ட நீட்டினார், மேல இங்கிலீஷ், கீழ ஜப்பான். நான் கீழேதான் படிச்சேன். ரெண்டு தடவை.

"பார்க்கலாம்னு போட்டிருக்காங்க, அண்ணாச்சி."

"எந்தப் பார்க்கலாமுங்க சார்? உங்க மண்டிப் பார்க்கலாமா?"

"மண்டிப் பார்க்கலாம்தான்."

கொட்டேஷனை நாலா மடிச்சுச் சட்டைப் பைக்குள்ள வெச்சுக்கிட்டார். தங்கமணி கொடுத்த காப்பியை முழுசாக் குடிச்சுட்டு, வீட்டம்மாவுக்கு ஒரு போன் போட்டார்.